பந்தயம் என்ற சொல்லும் டிராம்பேயின் பேரமும்

ஒவ்வோர் ஆண்டும் அக்டோபர் 4 முதல் 10 வரை உலக விண்வெளி வாரம் கடைப்பிடிக்கப்படுகிறது. ஐக்கிய நாடுகள் பொதுச்சபை 1999இல் எடுத்த முடிவு இது. வாரத்தின் தொடக்க நாள், சோவியத் ஒன்றியம் 1957இல் ஸ்புட்னிக்-1 செயற்கைக்கோளை ஏவிய நாள். இறுதி நாள், விண்வெளியை எந்த நாடும் தனதென உரிமை கொண்டாடலாகாது என்ற பன்னாட்டு ஒப்பந்தம் 1967இல் நடைமுறைக்கு வந்த நாள். போட்டியின் தொடக்கத்தையும் அப்போட்டிக்கு இடப்பட்ட வரம்பையும் ஒரே வாரத்திற்குள் வைத்து நினைவுகூர்வது பொருள் பொதிந்த ஏற்பாடு.

ஆயினும் அவ்வாரத்தில் பள்ளிகளிலும் கல்லூரிகளிலும் நடைபெறும் வினாடி வினாக்களைக் கவனித்தால் முதல் நாள் மட்டுமே நினைவில் நிற்பது தெரியும். முதல் செயற்கைக்கோள் எது, விண்வெளிக்குச் சென்ற முதல் மனிதர் யார், நிலவில் முதலில் கால் பதித்தவர் யார் என்பனவே கேள்விகள். விடைகளில் பிழையில்லை. கேள்விகளின் வரிசையில்தான் ஒரு கதை மறைந்திருக்கிறது. இரண்டு ஓட்டக்காரர்கள், ஒரு பாதை, ஓர் எல்லைக்கோடு, கைதட்டும் பார்வையாளர்களாக எஞ்சிய உலகம் என்பதே அக்கதை. அதற்கு ஆங்கில நாளேடுகள் இட்ட பெயரைத் தமிழ் "விண்வெளிப் பந்தயம்" என்று மொழிபெயர்த்து ஏற்றுக்கொண்டது.

உருவகங்கள் வெறும் அணிகலன்கள் அல்ல என்பதை மொழியியல் மாணவர் அறிவர். ஓர் உருவகம் சிலவற்றைக் காணச் செய்கிறது. சிலவற்றைக் காணாமல் ஆக்குகிறது. "பந்தயம்" என்ற சொல் காணாமல் ஆக்கியவற்றுள் முதன்மையானது, ஓடாமலேயே அந்த ஓட்டத்தால் பயனடைந்த நாடுகளின் வரலாறு. அவ்வரலாற்றின் ஒரு பகுதி மும்பையின் செம்பூரிலிருந்து சில கிலோமீட்டர் தொலைவில் நிகழ்ந்தது.

செம்பூர் வழியாகத் தென்கிழக்கே செல்லும் சயான்–டிராம்பே சாலை தேவ்னாரையும் மான்கூர்டையும் ஒட்டிச் சென்று அணுசக்தி நகரை அடைகிறது. அதற்கப்பால் டிராம்பே குன்றும் அதன் அடிவாரத்தில் பாபா அணு ஆராய்ச்சி மையமும் உள்ளன. அணு ஆராய்ச்சி வளாகத்தில் பணியாற்ற வந்த தமிழ்க் குடும்பங்கள் பல, அணுசக்தி நகரிலும் செம்பூரிலும் வாழ்ந்துவருகின்றன. அவ்வளாகம் அணுவுக்கு உரியது என்பது அனைவரும் அறிந்த செய்தி. இந்திய விண்வெளி முயற்சியும் தன் முதல் ஆண்டுகளில் மும்பையில் தலைமையகம் கொண்ட அணுசக்தித் துறையின் குடையின் கீழேயே வளர்ந்தது என்பது அவ்வளவாக நினைவுகூரப்படுவதில்லை. அதைப் புரிந்துகொள்ள, முதல் செயற்கைக்கோள்கள் எவ்வாறு போட்டியை மூட்டின என்பதை முதலில் பார்க்க வேண்டும்.

முதல் செயற்கைக்கோள்கள் பன்னாட்டு ஒத்துழைப்பின் பெயரால் அறிவிக்கப்பட்டவை. 1957 ஜூலை முதல் 1958 டிசம்பர் வரையிலான காலம் பன்னாட்டுப் புவி இயற்பியல் ஆண்டாகக் கொண்டாடப்பட்டது. அறுபதுக்கும் மேற்பட்ட நாடுகள் அதில் பங்கேற்றன. அந்த ஆண்டிற்குத் தன் பங்களிப்பாகச் செயற்கைக்கோள் ஒன்றை ஏவப்போவதாக 1955 ஜூலை 29 அன்று அமெரிக்கா அறிவித்தது. சில நாள்களில் சோவியத் அறிவியலாளரும் அவ்வாறே கூறினர். ஸ்புட்னிக் ஏவப்பட்ட செய்தி வாஷிங்டனுக்கு எட்டியபோது, அந்த ஆண்டின் ஏவுகலங்களையும் செயற்கைக்கோள்களையும் பற்றிய மாநாட்டிற்காகக் கூடியிருந்த பல நாட்டு அறிவியலாளர்கள் சோவியத் தூதரக விருந்தொன்றில்தான் இருந்தனர். அமெரிக்க அறிவியலாளர் லாயிட் பெர்க்னர் அங்கேயே எழுந்து பாராட்டுத் தெரிவித்தார். போட்டி மூண்டதாகச் சொல்லப்படும் இரவின் முதல் காட்சி இது.

பெயரும் பகைமையைச் சுட்டவில்லை. ரஷ்ய மொழியில் "ஸ்புட்னிக்" என்பது உடன் என்னும் பொருள்தரும் முன்னொட்டு, வழி என்னும் பெயர்ச்சொல், ஆளைக் குறிக்கும் பின்னொட்டு ஆகிய மூன்றும் சேர்ந்த சொல். தமிழில் அதற்கு நேரான சொல் "வழித்துணை". வானியலில் கோளைச் சுற்றிவரும் நிலவுக்கும் ரஷ்யர்கள் இச்சொல்லையே வழங்குகின்றனர். தமிழின் "துணைக்கோள்" அதே உணர்வை உடையது. "செயற்கைக்கோள்" என்ற வழக்கு நிலைபெற்றபோது துணை என்ற பகுதி உதிர்ந்துபோயிற்று.

வழித்துணையாக அனுப்பப்பட்ட 83.6 கிலோகிராம் உருண்டை எவ்வாறு அச்சமூட்டும் பொருளாயிற்று? விடை அந்த உருண்டையில் இல்லை. அதைத் தூக்கிச்சென்ற ஆர்-7 ஏவுகலத்தில் இருக்கிறது. கண்டம் விட்டுக் கண்டம் பாயும் அணு ஏவுகணையாக வடிவமைக்கப்பட்ட அது, 1957 ஆகஸ்டு 21 அன்று முதன்முறையாக வெற்றிகரமாகப் பறந்தது. சோவியத் அரசு அதை அறிவித்தபோது மேற்குலகம் பெரிதாகப் பொருட்படுத்தவில்லை. ஆறு வாரங்களுக்குப் பின், அதே ஏவுகலம் வானொலிக் கருவி உள்ளவர் எவரும் கேட்கத்தக்க ஓர் ஒலியைப் புவியைச் சுற்றி அனுப்பியபோது, நம்ப மறுத்தவர்களும் நம்பினர். ஏவுகணையின் ஆற்றலுக்கு உலகறியச் சான்று பகர்ந்ததே ஸ்புட்னிக்கின் அரசியல் பணி.

அச்சான்றைப் போட்டியாக்கியதில் தலைப்புச் செய்திகளுக்குப் பெரும்பங்கு உண்டு. அக்டோபர் 5ஆம் நாள் வெளிவந்த பிராவ்தா நாளேடு இச்செய்தியை அடக்கமாகவே வெளியிட்டது. மேற்கத்திய ஏடுகளின் பரபரப்பைக் கண்ட பிறகு, மறுநாள் இதழின் முதல் பக்கத்தை அது ஸ்புட்னிக்குக்கு ஒதுக்கியது. அமெரிக்கக் குடியரசுத் தலைவர் ஐசனோவர் தம் கவலை சற்றும் கூடவில்லை என்றே செய்தியாளர்களிடம் கூறினார். பிற நாடுகளுக்கு மேலே செயற்கைக்கோள் பறப்பதற்குச் சட்டத்தடை எழுமோ என்று ஐயுற்றிருந்த அவரது அரசுக்கு, எல்லா நாடுகளின் மீதும் எதிர்ப்பின்றிப் பறந்த ஸ்புட்னிக் ஒரு வகையில் வசதியாகவும் அமைந்தது. பின்னர் வந்த உளவுச் செயற்கைக்கோள்களுக்கு அது முன்மாதிரியாயிற்று. தலைவரின் அமைதியை நாட்டின் ஏடுகள் ஏற்கவில்லை. டிசம்பர் 6 அன்று வான்கார்டு ஏவுகலம் தரையிலிருந்து ஏறத்தாழ ஒரு மீட்டர் எழும்பி வெடித்துச் சிதறியபோது, ஸ்புட்னிக்கின் பின்னொட்டைத் தோல்வியைக் குறிக்கும் சொற்களோடு ஒட்டிக் கேலிப்பெயர்கள் பல படைக்கப்பட்டன. ஓர் இயந்திரக் கோளாறு ஒரு தேசத்தின் இழிவாக மாறிற்று.

இதற்கிடையே குருஷ்சேவும் தலைப்புச் செய்தியின் வலிமையை உணர்ந்துகொண்டார். புரட்சியின் நாற்பதாம் ஆண்டு விழாவிற்குள் இன்னொரு வியப்பு வேண்டும் என்ற விருப்பத்தை நிறைவேற்ற, லைக்கா என்ற நாயைச் சுமந்து நவம்பர் 3 அன்று ஸ்புட்னிக்-2 சென்றது. அந்நாயை மீட்டுக் கொணரும் வழி வகுக்கப்படவில்லை. அது சில மணிநேரத்திலேயே வெப்பத்தால் இறந்தது என்ற உண்மை 2002இல்தான் வெளியாயிற்று. அரசியல் நாட்காட்டிக்கு அறிவியல் அடிபணிந்ததன் முதல் பலி அது.

1958 ஜனவரி 31 அன்று அமெரிக்கா எக்ஸ்புளோரர்-1 செயற்கைக்கோளை ஏவியது. ஏறத்தாழ 14 கிலோகிராம் எடையே கொண்ட அக்கருவி, புவியைச் சூழ்ந்துள்ள கதிர்வீச்சு வளையங்களைக் கண்டறிய வழிவகுத்தது. அவ்வளையங்கள் ஜேம்ஸ் வான் ஆலனின் பெயரால் இன்றும் அறியப்படுகின்றன. எடையில் பின்தங்கியது அறிவில் முந்தியது. பந்தயக் கணக்கில் இத்தகைய வெற்றிக்குத் தனிப் பத்தி இல்லை. எல்லைக்கோடும் அப்போது வரையப்பட்டிருக்கவில்லை. 1961 மே 25 அன்று, அதாவது ஸ்புட்னிக் பறந்து மூன்றரை ஆண்டுகளுக்கும் மேல் கழிந்த பின்னரே, நிலவை இலக்காகக் கென்னடி அறிவித்தார். பின்தங்கியிருந்த ஓட்டக்காரர் தமக்கு வாய்ப்பான இடத்தில் எல்லைக்கோட்டை வரைந்துகொண்டார். பிற்கால வரலாற்று நூல்கள் அக்கோடு முதலிலேயே இருந்ததுபோல் எழுதின.

ஸ்புட்னிக் மூட்டிய போட்டி ஏவுதளங்களோடு நிற்கவில்லை. 1958இல் மட்டும் அமெரிக்காவில் பாதுகாப்பு ஆராய்ச்சிக்கென ஒரு முகமையும், விண்வெளிக்கென நாசாவும், கல்விக்கெனத் தேசியப் பாதுகாப்புக் கல்விச் சட்டமும் உருவாயின. செப்டம்பர் 2 அன்று ஒப்புதல் பெற்ற அச்சட்டம் கணிதத்திற்கும் அறிவியலுக்கும் மட்டுமன்றி, அமெரிக்கர்கள் அதிகம் கற்றிராத பிறநாட்டு மொழிகளுக்கும் நிதி வழங்கியது. அம்மொழிகளுள் தமிழும் ஒன்று. சிகாகோ, பென்சில்வேனியா போன்ற பல்கலைக்கழகங்களில் தென்னாசிய மொழிக்கல்வி வேரூன்றியதில் அந்நிதிக்குப் பங்குண்டு. மறுபுறம் பியாதிகோர்ஸ்கியும் ரூதினும் தொகுத்த தமிழ்–ரஷ்ய அகராதி 1960இல் மாஸ்கோவில் வெளிவந்தது. தொடர்ந்து மாஸ்கோ பதிப்பகங்கள் தமிழில் அச்சிட்ட அறிவியல் நூல்கள் நியூ செஞ்சுரி புத்தக நிலையத்தின் வழியாகத் தமிழகத்துச் சிற்றூர் மாணவர் கைகளுக்கும் மிகக் குறைந்த விலையில் எட்டின. தமிழைக் கற்க வேண்டும், தமிழரிடம் பேச வேண்டும் என்ற விருப்பம் இரு வல்லரசுகளுக்கும் ஒரே காலத்தில் பிறந்ததற்குத் தமிழின் தொன்மை மட்டும் காரணமாக இருக்க முடியாது. மூன்றாம் உலகின் நன்மதிப்பும் அப்போட்டியில் ஒரு பரிசாக இருந்தது.

அந்நன்மதிப்பு எவ்வளவு விலை பெறும் என்பதை மிக விரைவில் கணித்தவர்கள் மும்பையில் இருந்தனர். 1955இல் ஜெனிவாவில் நடைபெற்ற அணுசக்தியின் அமைதிப் பயன்பாட்டு மாநாட்டிற்குத் தலைமை ஏற்றவர் ஹோமி பாபா. 1956 ஆகஸ்டு 4 அன்று டிராம்பேயில் இயங்கத் தொடங்கிய அப்சரா அணு உலைக்கு எரிபொருள் பிரிட்டனிலிருந்து வந்தது. 1960இல் இயங்கத் தொடங்கிய சைரஸ் உலைக்குக் கனடா வடிவமைப்பைத் தந்தது. அமெரிக்கா கனநீரைத் தந்தது. எவரிடமும் முழுமையாகச் சாராமல் ஒவ்வொருவரிடமும் ஒன்றைப் பெறுவது என்ற நடைமுறை, விண்வெளிக்கு முன்பே டிராம்பேயில் பழகிப்போயிருந்தது.

1962இல் விக்ரம் சாராபாய் தலைமையில் இந்திய தேசிய விண்வெளி ஆராய்ச்சிக் குழு அணுசக்தித் துறையின் கீழ் அமைக்கப்பட்டபோது அந்நடைமுறை விண்வெளிக்கும் நீண்டது. புவிக் காந்த நடுக்கோடு தென்னிந்தியாவின் கோடி வழியே செல்கிறது. அக்கோட்டின் மேலே ஏறத்தாழ நூறு கிலோமீட்டர் உயரத்தில் ஓடும் மின்னோட்டத்தை ஆராய உலக அறிவியலாளர் அனைவரும் விரும்பினர். இந்தியாவிடம் ஏவுகலம் இல்லை, இடம் இருந்தது. திருவனந்தபுரத்தை அடுத்த தும்பா என்ற மீனவர் சிற்றூர் தேர்ந்தெடுக்கப்பட்டது. காந்த நடுக்கோட்டில் ஒரு பன்னாட்டு ஏவுதளம் அமைய வேண்டும் என்ற கருத்துக்கு ஐக்கிய நாடுகள் பொதுச்சபை அந்த ஆண்டு டிசம்பரில் ஆதரவளித்தது.

டிராம்பேயில் பணியாற்றிவந்த ஆர். ஆராவமுதன் உள்ளிட்ட சில இளைஞர்கள் சாராபாயின் அழைப்பை ஏற்றனர். அவரும் இராமேசுவரத்தைச் சேர்ந்த அப்துல் கலாமும் சென்னைத் தொழில்நுட்பக் கல்விக்கூடத்தில் பயின்றவர்கள். அச்சிறு குழு அமெரிக்காவுக்குச் சென்று நாசாவின் நிலையங்களில் பயிற்சி பெற்றுத் திரும்பியது. 1963 நவம்பர் 21 மாலை தும்பாவிலிருந்து முதல் ஆய்வு ஏவுகலம் எழுந்தது. அது அமெரிக்க நைக்–அப்பாச்சி. அதன் முனையில் இருந்த சோடிய ஆவிக் கருவி பிரான்சிலிருந்து வந்தது. சோவியத் ஒன்றியம் ஹெலிகாப்டரையும் பின்னர் மின்ஸ்க் கணினியையும் வழங்கியது. அந்தி வானில் பரவிய செம்மஞ்சள் முகிலைக் கேரள மக்கள் வியந்து பார்த்தனர்.

கியூபா ஏவுகணை நெருக்கடி முடிந்து ஓராண்டே ஆகியிருந்த காலம் அது. உலகை அழிவின் விளிம்புவரை கொண்டுசென்ற இரு அரசுகளின் கருவிகள் தும்பாவின் மணற்பரப்பில் அருகருகே நின்றன. இரண்டுக்கும் நடுவே நின்று அவற்றை இயக்கியவர்கள் முப்பது வயதை ஒட்டிய இந்தியப் பொறியாளர்கள். இக்காட்சியைப் "பந்தயம்" என்ற சொல்லால் விளக்க முடியாது. இந்தியா ஓடவுமில்லை, வேடிக்கை பார்க்கவுமில்லை, பேரம் பேசியது.

ஏவுகலத்தின் கூம்பை மிதிவண்டியில் வைத்துத் தள்ளிச்செல்லும் புகைப்படம் ஆண்டுதோறும் சமூக ஊடகங்களில் வலம்வருகிறது. எளிமையிலிருந்து ஏற்றம் என்ற கதையை அது சொல்கிறது. அக்கதை பொய்யன்று, பாதி. அந்நாள் தும்பாவில் எவ்வெந்நாட்டுக் கருவிகள் எந்த உடன்பாட்டின்படி கூடியிருந்தன என்று கேட்பது எஞ்சிய பாதி. மிதிவண்டி இந்தியாவின் வறுமையைக் காட்டும். இந்தியாவின் அரசியல் கூர்மையை அந்த உடன்பாடுகளே காட்டும்.

பேரத்தின் உச்சம் 1975. இந்தியாவின் முதல் செயற்கைக்கோளை அமெரிக்காவின் ஸ்கவுட் ஏவுகலத்தில் அனுப்பும் வாய்ப்பே முதலில் எண்ணப்பட்டது. பின்னர் சோவியத் ஒன்றியம் கட்டணமின்றி ஏவித்தர முன்வந்தது; 1972இல் உடன்பாடு கையெழுத்தாயிற்று. சீனா தன் முதல் செயற்கைக்கோளை 1970இலேயே ஏவியிருந்ததை இவ்விடத்தில் நினைவில் கொள்ள வேண்டும். யு. ஆர். ராவ் தலைமையில் பெங்களூரில் உருவான 360 கிலோகிராம் எடையுள்ள ஆரியபட்டா, 1975 ஏப்ரல் 19 அன்று சோவியத் மண்ணிலிருந்து விண்ணேறியது. அதே ஆண்டு ஆகஸ்டு முதல் நாள், நாசாவின் ஏ.டி.எஸ்.-6 செயற்கைக்கோள் வழியாக ஆறு மாநிலங்களின் 2,400 சிற்றூர்களுக்குக் கல்வி ஒளிபரப்பு தொடங்கியது. 1964இல் சீனா அணுகுண்டு வெடித்த பின்னர், இந்தியாவும் அவ்வழியில் செல்லாதிருக்க அமைதிப் பயன்பாட்டு அறிவியலில் அதற்கு வாய்ப்பளிக்கலாம் என்று வாஷிங்டனில் எழுந்த எண்ணமும் அவ்வுதவிக்கு ஒரு பின்னணி. 1974இல் இந்தியா பொக்ரானில் அணுச்சோதனை நடத்திய பிறகும் அவ்வொளிபரப்பு நின்றுவிடவில்லை. நான்கு மாத இடைவெளியில் ஒரு வல்லரசின் ஏவுகலமும் மறு வல்லரசின் செயற்கைக்கோளும் ஒரு வறிய நாட்டுக்காகப் பணியாற்றின.

இவ்வாதத்திற்கு எதிராக இரண்டு மறுப்புகள் எழக்கூடும். பேரம் என்று பெருமையாகச் சொல்லப்படுவது, பெரியவர்களின் மேசையிலிருந்து சிந்தியதைப் பொறுக்கியது தவிர வேறென்ன என்பது முதல் மறுப்பு. பொறுக்குபவர் கிடைத்ததை எடுப்பார். தமக்கு எது வேண்டும் என்று முன்கூட்டித் தீர்மானித்திருக்க மாட்டார். சாராபாய் தீர்மானித்திருந்தார். நிலவுப் பயணத்திலும் மனிதரை அனுப்புவதிலும் செல்வ நாடுகளோடு போட்டியிடும் கனவு இந்தியாவுக்கு இல்லை என்றும், மக்களின் மெய்யான சிக்கல்களைத் தீர்க்க உயர்தொழில்நுட்பத்தைப் பயன்படுத்துவதில் எவருக்கும் இளைக்கலாகாது என்றும் அவர் தெளிவுபடுத்தினார். வானிலை, கல்வி, தொலைத்தொடர்பு என்று தேவைகள் முதலில் வரையறுக்கப்பட்டன. பின்னரே கொடையாளர் தேடப்பட்டனர். 1968இல் தும்பா ஏவுதளத்தை ஐக்கிய நாடுகள் அவைக்கு அர்ப்பணித்ததும் இத்தெளிவின் பகுதியே. எந்த ஒரு முகாமின் தளமாகவும் அது மாறாதிருக்க அவ்வர்ப்பணிப்பு துணை செய்தது.

இரண்டாவது மறுப்பு வலிமையானது. இந்தப் பேரத்தின் விலையை யார் கொடுத்தனர்? தும்பாவின் மரிய மகதலேனா தேவாலயம் பொறியாளர்களின் முதல் அலுவலகமானது. ஆயர் பீட்டர் பெர்னார்டு பெரெய்ராவின் பெருந்தன்மை பற்றிய நிகழ்ச்சி பலமுறை எடுத்துரைக்கப்பட்டுவிட்டது. இடம்பெயர்ந்த மீனவக் குடும்பங்கள் அந்நிகழ்ச்சியில் பெயரற்ற கூட்டமாகவே வருகின்றன. கடற்கரையையும் வழிபாட்டிடத்தையும் விட்டுச் சென்றவர்களின் பிற்கால வாழ்வு, விண்வெளி வரலாற்றின் ஓர் இயலாக இன்னும் உரிய இடம் பெறவில்லை. வல்லரசுகளிடம் பேரம் பேசிய அரசு, தன் குடிமக்களிடமும் அதே சமநிலையில் பேசியதா என்ற கேள்வியைத் தவிர்த்துவிட்டு இவ்வரலாற்றைப் பெருமிதமாக மட்டும் எழுத முடியாது.

பேரத்தின் அடித்தளம் எவ்வளவு நிலையற்றது என்பது 1991இல் தெரிந்தது. அந்த ஆண்டு ஜனவரியில், கிரையோஜெனிக் இயந்திரங்களையும் அவற்றின் தொழில்நுட்பத்தையும் பெற கிளாவ்காஸ்மாஸ் என்ற சோவியத் நிறுவனத்துடன் இந்தியா உடன்பாடு செய்தது. டிசம்பரில் சோவியத் ஒன்றியமே இல்லாமற்போயிற்று. 1992 மே மாதம் அமெரிக்கா இந்திய விண்வெளி ஆய்வு நிறுவனத்தின் மீதும் கிளாவ்காஸ்மாஸ் மீதும் தடை விதித்தது. ஏவுகணைத் தொழில்நுட்பப் பரவலைத் தடுப்பதே காரணமாகக் கூறப்பட்டது. 1993இல் ரஷ்யா பணிந்தது. இயந்திரங்கள் வரும், தொழில்நுட்பம் வராது என்று உடன்பாடு திருத்தப்பட்டது. திருநெல்வேலி மாவட்டத்து மகேந்திரகிரியில் ஆண்டுக்கணக்கில் சோதனைகள் தொடர்ந்தன. முற்றிலும் உள்நாட்டுக் கிரையோஜெனிக் இயந்திரத்துடன் ஏவுகலம் வெற்றிகரமாகப் பறந்தது 2014 ஜனவரி 5 அன்றுதான்.

தடை விதிப்பதற்கு ஏவுகணை ஒரு காரணமாயின், 1963இல் நைக்–அப்பாச்சியைத் தந்தபோது அக்காரணம் எங்கிருந்தது? அப்போது மறுத்தால் மறுமுகாம் தந்துவிடும் என்ற அச்சம் இருந்தது. 1992இல் மறுமுகாம் இல்லை. உதவிகள் நட்பால் வந்தன என்று நம்பியவர்களுக்கு இது துரோகமாகத் தோன்றியது. போட்டியின் விளைவாக வந்தன என்று அறிந்தவர்களுக்கு இது எதிர்பார்க்கத்தக்க முடிவு. அதே காலத்தில் மாஸ்கோவிலிருந்து வந்துகொண்டிருந்த தமிழ் நூல்களும் நின்றுபோயின. ஓர் இயந்திரத்தின் தொழில்நுட்பமும் ஒரு மாணவரின் மலிவுவிலை இயற்பியல் நூலும் ஒரே அரசியல் கதவு சாத்தப்பட்டதால் வராமற்போயின என்பதை, பந்தயத்தின் வெற்றி தோல்விக் கணக்கு ஒருபோதும் சொல்லாது.

இக்கருத்து இன்று ஏன் வேண்டும்? 2023 ஆகஸ்டில் ரஷ்யாவின் லூனா-25 நிலவில் மோதி அழிந்து, நான்கு நாள்களில் சந்திரயான்-3 நிலவின் தென்துருவப் பகுதியில் தரையிறங்கியபோது, தமிழ் ஏடுகளும் தொலைக்காட்சிகளும் அதைப் பந்தயமாகவே வருணித்தன. இந்தியா முந்தியது, ரஷ்யா வீழ்ந்தது என்ற சொல்லாடலில் 1957இன் தலைப்புச் செய்திகள் மீண்டும் எழுந்தன. ஆரியபட்டாவைக் கட்டணமின்றி ஏவித்தந்த அறிவியல் மரபின் சரிவு எள்ளலுக்குரியதாயிற்று. தரையிறங்கிய பொறியாளர்களின் சாதனை ஐயத்திற்கு இடமற்றது. அச்சாதனையை அளக்கக் கையிலெடுத்த அளவுகோலே பழுதானது. சந்திரயான்-1 சுமந்த பதினொரு கருவிகளுள் ஆறு பிற நாடுகளைச் சேர்ந்தவை. நிலவில் நீர்மூலக்கூறுகளின் சுவட்டைக் காட்டியதில் அதில் பயணித்த நாசாவின் கருவிக்குப் பெரும்பங்குண்டு. அது எந்த நாட்டின் வெற்றி என்று கேட்டால் பந்தயத்தின் மொழி விடையின்றி நிற்கும்.

ஒரு நாடு தன்னைப் பந்தய ஓட்டக்காரராகக் கற்பனை செய்துகொண்டால், அதன் கேள்விகளும் மாறிவிடுகின்றன. யாருக்கு எது தேவை என்பதற்கு முன் யார் எங்கே நிற்கிறார் என்பது வந்துவிடுகிறது. பணிகள் அறிவியல் நாட்காட்டியை விட்டு விழாக்களின் நாட்காட்டியை நோக்கி நகரும் அபாயம் நேர்கிறது. அந்நகர்வின் விலையை லைக்கா முதலில் கொடுத்தது. குலசேகரன்பட்டினத்தில் புதிய ஏவுதளம் எழுந்துவரும் இக்காலத்தில், ஏவுதலின் வேகத்தோடு கடற்கரை மக்களின் வாழ்வும் கணக்கில் வருமா என்று கேட்பவரைத் தேசத்தின் ஓட்டத்தைத் தடுப்பவராகக் காண்பதும் அதே உருவகத்தின் விளைவே.

எனவே முதற்பணி சொல்லில் தொடங்கலாம். பாடநூல்களிலும் ஆய்வேடுகளிலும் "விண்வெளிப் பந்தயம்" என்று எழுதும் இடங்களில் "விண்வெளிப் போட்டி அரசியல்" என்று எழுதினால், அதில் அணுக் குண்டுக்கும் செய்தித்தாளுக்கும் மூன்றாம் நாடுகளுக்கும் இடம் கிடைக்கும். சொல் மாறினால் வரலாறு மாறிவிடாது. வரலாற்றிடம் கேட்கப்படும் கேள்வி மாறும்.

இரண்டாவது பணிக்குக் காலம் குறைவு. 1960களில் டிராம்பேயிலும் தும்பாவிலும் இளம் பொறியாளர்களாகவும் தொழில்நுட்பப் பணியாளர்களாகவும் இருந்தவர்கள் இன்று எண்பதைக் கடந்துவிட்டனர். ஆராவமுதன் தம் நினைவுகளை ஆங்கில நூலாக்கிவிட்டு 2021இல் மறைந்தார். நூல் எழுதாதவர்களே மிகுதி. கடைசல் பட்டறையில் நின்றவர்கள், தட்டச்சு செய்தவர்கள், வெளிநாட்டுக் கருவிகளின் கையேடுகளைப் படித்துப் பொருள்கூறியவர்கள், மாற்றலாகிச் சென்ற கணவருக்குப் பின் குடும்பத்தைத் தாங்கிய பெண்கள் ஆகியோரின் நினைவுகள் எந்த ஆவணக் காப்பகத்திலும் இல்லை. அவர்களுள் தமிழரும் பலர். செம்பூரின் அடுக்ககங்களிலும் அணுசக்தி நகரைவிட்டு ஓய்வுபெற்று வெளியேறியவர்களின் இல்லங்களிலும் அந்நினைவுகள் தமிழிலேயே பேசப்பட்டுவருகின்றன, பேசுவோர் குறைந்துவருகின்றனர்.

தேவ்னாரிலும் கலினாவிலும் பயிலும் ஆய்வு மாணவர்களுக்கு இவ்வீடுகள் ஒரு பேருந்துப் பயணத் தொலைவில் உள்ளன. வாய்மொழி வரலாறாக அவற்றைப் பதிவு செய்யப் பெரிய நிதி தேவையில்லை. ஒலிப்பதிவுக் கருவி ஒன்றும் பொறுமையும் போதும். அமெரிக்கக் கருவியையும் ரஷ்யக் கருவியையும் ஒரே வாரத்தில் கையாண்ட ஒருவரிடம் யார் முந்தினார் என்று கேட்க வேண்டியதில்லை. எதை யாரிடமிருந்து எப்படிப் பெற்றீர்கள் என்று கேட்டால், எந்த வினாடி வினாவிலும் இடம்பெறாத விடைகள் கிடைக்கும்.